பன்னிரண்டாம் மாடி வரை செருப்புகள்

என் கலா அக்காவுக்கு,

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நம் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக் கூடத்தில் ஒரு வரலாற்று முடிவு எடுக்கப்பட்டது. வாசலில் இருக்கும் நான்கு தட்டுச் செருப்பு அலமாரியை அகற்றிவிட்டு மூன்று தட்டு அலமாரி வைப்பது. கூட்டத்தில் கலந்துகொண்டவர்கள் இருவர்: நானும், பாலிடெக்னிக் போக வசதி என்று என்னோடு தங்கியிருக்கும் உன் மகள் மீராவும். நடைபாதையை அடைக்கக் கூடாது என்று நம் அடுக்குமாடி புளோக் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

ஒரு தட்டு குறைந்தால் ஏதாவது போக வேண்டும். நீ கண்ணை மூடிய பிறகு இரண்டு வருடமாக யாரும் தொடாத உன் நீல சிலிப்பர் அடித்தட்டில் இருந்தது.

"தூக்கிப் போட்டுடலாமா மீரா?"

"உங்க இஷ்டம் மாமா."

அந்தக் குரலில் யாருடைய இஷ்டமும் இல்லை. ஆனாலும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாகவே குறித்துக்கொண்டேன். சிலிப்பரைக் கையில் எடுத்தபோது பின்னால் ஒரு ஷூ பெட்டி தெரிந்தது. உள்ளே ஒரு ஃப்ளாப்பி டிஸ்க், கட்டம் போட்ட உன் கணக்குப் புத்தகம்.

நம் கணினி விளையாட்டு, அக்கா. உனக்குப் பதினாறு, எனக்குப் பதினான்கு. அப்பா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கணினியைத் தொட விடுவார். அதனால் நீ நிரலை நோட்டில் எழுதுவாய், நான் தட்டச்சு செய்வேன். விளையாட்டில், தீபாவளிக்கு அம்மா சுட்ட முறுக்கை ஒரு பெண் இரண்டாம் மாடியிலிருந்து வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் பன்னிரண்டாம் மாடியில் நம் வீட்டை அடைய வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். மறந்தால் அம்மாவின் முகம் திரையை நிறைக்கும், ஆட்டம் முடிந்துவிடும். அந்த முகத்தை வரைந்தது நான். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இதற்காக நீ எல்லா மாடிக்கும் நடந்து, வாசல் வாசலாகச் செருப்புகளைக் குறித்துக்கொண்டு வந்தாய். நிறம், அளவு, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது உட்பட. எட்டாம் மாடி மலாய் அம்மா உன்னைச் செருப்புத் திருடி என்றே முடிவு செய்துவிட்டார்.

ஒன்பதாம் மாடியில் விளையாட்டு உறைந்துபோகும். அத்தனை செருப்பையும் நினைவில் வைக்க அந்தக் கணினியால் முடியவில்லை.

"கீழ் மாடியை எல்லாம் அழிச்சிடலாம்க்கா. தாண்டி வந்தாச்சு, யாரு பாக்கப் போறா?"

"அவங்க வீட்டுக்குள்ளதான இருக்காங்க? செருப்ப எடுத்துட்டா எப்படிடா வெளிய வருவாங்க?"

நீ அழிக்கவில்லை. விளையாட்டும் முடியவில்லை. அதற்கு மேல் நீ எழுதியதையெல்லாம் நான் அர்த்தம் பார்க்காமல் தட்டச்சு செய்தேன். பிறகு தேர்வு வந்தது.

டிஸ்க்கை ஜாலான் புசாரில் ஒரு பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப்போனோம். தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூர் வந்து வேலை பார்க்கும் தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இது உங்க வயசா, அதுக்கும் மேலயா?" என்றார். ஆனால் மாலைக்குள் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்துவிட்டார்.

மீரா உன் நிரலைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். அவள் படிப்பதும் இதுதான்.

"அம்மா இத கையாலயா எழுதுனாங்க? ரன் பண்ணிப் பாக்காமயேவா?"

"ஒரு மணி நேரம் கிடைக்கும். அதுல பாதி, நான் தப்பா அடிச்சத தேடவே போயிடும்."

"ஒரு வரிகூட வேஸ்ட் இல்ல லா, மாமா."

அந்தக் கணினிக்குத் தமிழ் தெரியாது. நீ ஒவ்வொரு எழுத்தையும் கட்டத்தில் புள்ளி வைத்து வரைந்திருந்தாய். 'ஞ'வுக்கு மட்டும் நான்கு பக்கம், மூன்று முயற்சிகள் அடிக்கப்பட்டிருந்தன. நான் முப்பது வருடமாகத் தமிழ் எழுத்தை வைத்துப் பிழைக்கிறேன். ஒரு எழுத்தைக்கூட உண்டாக்கியதில்லை.

அந்தப் பழைய கணினிக்காக நீ செருப்புகளுக்கு விதித்திருந்த நினைவக எல்லையில் மீரா ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். ஒன்பதாம் மாடி கடந்தது. பத்து. பதினொன்று. நான் எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை.

பன்னிரண்டில் நம் வாசல். அப்பாவின் தோல் செருப்பு, அம்மாவுடையது, எப்போதும் போல ஒன்று கவிழ்ந்து கிடக்கும் என் பள்ளிக்கூடச் சப்பாத்து, உன் நீல சிலிப்பர். அதன் பக்கத்தில் ஒரு ஜோடிக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. மீரா விசையைத் தட்டினாள். அந்தப் பெண்ணின் செருப்பு அந்த இடத்தில் போய் அமர்ந்தது, கதவு திறந்தது. உன் புள்ளி எழுத்தில், 'வந்துட்டியா? உள்ள வா.'

பதினாறு வயதில் யாருக்காக அக்கா அந்த இடத்தை விட்டு வைத்தாய்?

மீரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கீழ போய்ப் பாக்கட்டா?" என்றாள். அந்தப் பெண்ணை ஒவ்வொரு மாடியாக இறக்கினாள். எல்லாச் செருப்புகளும் அப்படியே இருந்தன. எட்டாம் மாடி மலாய் அம்மாவுடையதும்.

வருகிற தீபாவளிக்கு நாங்கள் இருவரும் இரண்டாம் மாடியிலிருந்து முறுக்கு கொடுத்துக்கொண்டு வருவோம். கடை முறுக்குதான், பொறுத்துக்கொள். ஒரு வாசலையும் விடமாட்டோம், செருப்பைக் கழற்ற மறக்கவும் மாட்டேன். இது சத்தியம்.

புது அலமாரி ஞாயிற்றுக்கிழமை வந்தது. உன் நீல சிலிப்பர் அதே அடித்தட்டில். என் சப்பாத்து இப்போது வீட்டுக்குள், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உன் தட்டச்சுக்காரத் தம்பி,
பாலா