கனகா வீட்டு மீன் தொட்டி

ஜூலை 11, வியாழன்

இன்று கும்மிடிப்பூண்டியில் கனகா வீட்டு மாடிக்குப் போனேன். மண்ணில்லாமல் மீனும் கீரையும் சேர்த்து வளர்ப்பது பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்து, தன் அப்பாவுக்காகத் தொட்டி வைத்தவள். வாதம் வந்ததிலிருந்து அவரால் பழவேற்காட்டு ஏரிக்கு மீன் பிடிக்கப் போக முடியவில்லை. சாப்பாட்டையே வெறுத்திருந்தவர், மீன்களைப் பார்த்தபடி நாலு வாய் சாப்பிடத் தொடங்கியிருந்தார்.

தொட்டி காலியாக இருந்தது. என் கட்டுரை அதற்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது.

"தண்ணி கலங்கிக்கினு இருந்துச்சுன்னு நேத்து பாதிய மாத்தினேன் சார். கொழாத் தண்ணிதான். காலையில பாத்தா அத்தினியும் மெதக்குது. பேப்பர்ல இன்னா போட்டிருந்துச்சோ அப்டியேதான் பண்ணேன்."

குழாயைத் திறந்தேன். பிளீச்சிங் பவுடர் வாடை.

அவள் அப்பா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"ஏரியில எத்தினி மீனக் கொன்னிருப்பேன். இந்தப் பத்துக்குப் போயி அழுவுறேன் பாரு சார்," என்று சிரிக்கப் பார்த்தார்.

"நைனா, ரெண்டு வாயி கஞ்சி குடி."

அவர் திரும்பவில்லை.

குழாய்த் தண்ணீரை, மீனைக் கொல்லும் அந்தக் குளோரின் போக, ஒரு நாள் திறந்து வைத்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். என் குறிப்பேட்டில் இந்த வரி இருக்கிறது. கட்டுரையில் இடம் போதவில்லை என்று நானேதான் நீக்கினேன்.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். கனகா டீயை நீட்டினாள்.

"நீங்க இன்னா சார் பண்ணுவீங்க? என் கைராசி அப்டி."

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.