தையல் போட்ட கோடு

பிப்ரவரி 2

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? விவாகரத்துக்குப் பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. பதினோரு மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

உறவுமுறை ஆராய்ச்சிக்காக ஒரு மலைக் குடியிருப்பில் இருக்கிறேன். எழுபது வீடுகள். யாருக்கு யார் என்ன உறவு என்று கேட்டுக் கேட்டுப் படம் வரைகிறேன். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு, அது முறிந்தால் குறுக்கே ஒரு வெட்டு. நேற்று இங்குள்ள பெண்கள், "எங்க வீட்டையெல்லாம் வரைஞ்சுட்டே, உன் வீட்டை வரை பாப்போம்" என்று மடக்கிவிட்டார்கள். அதன் நகல் இத்துடன். கல்யாணமாகி வந்தவளை இத்தனை தூரம் படிக்க வைத்தவர் நீங்கள். உங்களுக்குக் காட்டாமல் இருக்க மனம் வரவில்லை.

தங்கள்,
முன்னாள் மருமகள்

பிப்ரவரி 12

கேள்விக்காரிக்கு,

விண்ணப்பம் போடுவதுபோல "அம்மா அவர்களுக்கு" என்கிறாய். நான் என்ன உன் மேலதிகாரியா? நின்றால் முழங்கால் வலிக்கிறது, உட்கார்ந்தால் பட்டறை நின்றுவிடுகிறது. பள்ளிச் சீருடை வேலை, நாளுக்கு நானூறு காலர் வெட்டுகிறேன்.

உன் படத்தை வெட்டுமேசையில் விரித்தேன். "இது எந்த பேட்டர்ன், மாஸ்டர்?" என்று தையல் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "என் மருமக வரைஞ்சது. இந்த மாதிரி எழுபது வீடு வரையிறா" என்றேன். பெருமையில் வாயில் அப்படித்தான் வந்தது.

ஒரு துண்டு எதோடு சேரும் என்று குறி போடாமல் நான் விட்டதில்லை. உன் படத்தில் நீ ஒரு வட்டம், நான் ஒரு வட்டம். நடுவில் கோடே இல்லை. மறந்துவிட்டாயா?

இன்னொன்று, நீ என்னிடமிருந்தே கேட்க வேண்டியது. என் மகன் ஜூனில் மறுபடி கல்யாணம் செய்கிறான். பெண் நல்லவள்தான். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

என்ன போட்டு முடிப்பது என்று தெரியாமல்,
கட்டிங் மாஸ்டர்

பிப்ரவரி 20

அன்புள்ள உங்களுக்கு,

அவருக்கு என் வாழ்த்து, நிஜமாகவே.

கோட்டை மறக்கவில்லை. எங்கள் ஆராய்ச்சிப் படங்களில் மாமியாருக்கும் மருமகளுக்கும் நேர்க்கோடு கிடையாது. அவர் வழியாகத்தான் போக வேண்டும், அந்த வழியில் வெட்டு விழுந்துவிட்டது.

முன்பு ஆராய்ந்த தீவில், கல்யாணம் முறிந்த மறுநாளே எல்லோரும் அந்நியர். இங்கே கணவனும் மனைவியும் மட்டும்தான் பிரிகிறார்கள். மாமியார், நாத்தனார், கொழுந்தன் தனித்தனியாக முடிவெடுக்கிறார்கள். பிரிந்துபோனவள் வேண்டும் என்கிறவர், தன் கையால் செய்த ஒன்றைக் கல்யாணம் முறிந்த ஒரு வருஷத்துக்குள் அவளிடம் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் புது மருமகள் வந்தாலும் அந்த உறவு அசையாது. அடுத்த வீட்டில் பாய் பின்னுகிறவள் அப்படிப்பட்டவள்தான். மாமியார் பின்னித் தந்த பாயை வேறு யாருக்கும் விரிக்கமாட்டாள். இதை யோசித்து வைத்த ஜனங்களை நினைத்தால் எனக்கு வியப்பு தீரவில்லை.

ஒரே விதிதான் கடுமையானது. பிரிந்தவள் கேட்கக் கூடாது, ஜாடையாகக்கூட.

எனக்குத் தீர்ப்பு வந்தது போன மார்ச் ஒன்பதாம் தேதி. ஆராய்ச்சிக் குறிப்புக்காகச் சொன்னேன்.

அன்புடன்,
நான்

மார்ச் 1

கேள்விக்காரிக்கு,

ஜாடையாகக்கூடக் கேட்கக் கூடாது என்று எழுதிய கையோடு தேதியையும் எழுதியிருக்கிறாய். அந்த ஜனங்களிடம் போட்டுக்கொடுக்க மாட்டேன், பயப்படாதே.

படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். என் வட்டத்திலிருந்து உன் வட்டத்துக்கு நானே கோடு போட்டேன். பென்சில் அழியும். அதனால் மெஷினில் சிவப்பு நூல் கோர்த்துத் தாளிலேயே தைத்துவிட்டேன். கிழியாமலிருக்கப் பின்னால், காலர் விறைப்பாக நிற்க வைக்கும் கேன்வாஸ் துணி இருக்கிறது. முதல் தையல் கோணிவிட்டது. பிரிக்க மனமில்லாமல் மேலேயே இன்னொன்று ஓட்டினேன்.

மகன் பார்த்துக்கொண்டே நின்றான். விஷயத்தைச் சொன்னேன். காலண்டரைப் பார்த்தான். பிறகு, "ஒன்பதாம் தேதிக்குள்ள போகணும்னா விரைவுத் தபால்லதான் போடணும், குடு" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான், அதனால் முடிக்கிறேன்.

பதில் எழுது. மேலே "அம்மா அவர்களுக்கு" என்றிருந்தால் படிக்கமாட்டேன்.

உன் அத்தை

மார்ச் 8

அத்தைக்கு,

இன்று வந்து சேர்ந்தது. பாய் பின்னுகிறவள் தையலைத் தடவிப் பார்த்தாள். "ரெண்டு தடவை ஓட்டியிருக்காளே, இனி யாராலயும் பிரிக்க முடியாது" என்றாள். பிறகு மாமியார் தந்த அந்தப் பாயை எனக்கு விரித்தாள்.

மருமகள்