தில்லைப் பால்

கிண்ணியா
04.09.2023

அன்பு இன்பாஸ் காக்கா,

ஸலாம். நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் நஸ்ரியின் ஓட்டோவில் உங்கள் கப்பல்துறை வீட்டுக்கு இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாப்பா நம் இருவருக்கும் விட்டுப்போன களப்போரக் காணியில் இறால் பண்ணை போடக் கையெழுத்து வைத்துவிட்டீர்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நானும் இவரும் ஆறு வருடமாக அங்கே சதுப்பு மர நாற்று வளர்க்கிறோம். கண்டல் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முழ நீளத்தில் தொங்கி, விழும்போது நேரே சேற்றில் குத்தி நிற்கும். கண்ணா விதை மிதந்துபோய்க் கரை பிடிக்கும். தில்லையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. போன கிழமை உங்கள் ஆட்கள் ஆண் மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். இனி தேனீ எந்தப் பூவிலிருந்து மகரந்தம் கொண்டுவரும்? பெண் மரம் எப்படிக் காய்க்கும்?

வந்து பேசுங்கள் காக்கா. உங்கள் மச்சான் கோபக்காரர் இல்லை. ஆனால் மரத்தை விட்டு விலகவும் மாட்டார்.

தங்கச்சி
சுஹைரா


திருகோணமலை மறியற்சாலை
20.12.2023

சுஹைரா,

நீ இத்தாவில் வீட்டோடு இருப்பதால் என்னைப் பார்க்க வர ஏலாது. அதுதான் எழுதுகிறேன். தாஹிர் மச்சான் மௌத்தாகி மூன்று மாதம். நான் அவரைக் கொல்ல வரவில்லை. தில்லையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். "விலகுங்க மச்சான்" எண்டு எத்தினை தரம் சொன்னனான், நீயும் கேட்டாய்தானே.

லோயர் ஒரு வழி சொல்கிறார். மரத்தை வெட்டும்போது தில்லைப் பால் கண்ணில் தெறித்தது, கண் தெரியாமல் வீசிய கத்தி மச்சானில் பட்டது. என் கண் வெந்ததற்கு ஆஸ்பத்திரித் துண்டு இருக்கிறது. ஆட்கள் வள்ளத்தில் நின்றார்கள். கிட்ட நின்றது நீ மட்டும். நீயும் அதையே சொன்னால் போதும்.

உம்மாவுக்கு நான் ஒரே ஆம்பிளைப் பிள்ளை.

இன்பாஸ்


கிண்ணியா
21.01.2024

காக்கா,

உங்கள் கடிதத்தை ஒரு மாதம் வைத்திருந்தேன். "போனவர் திரும்பி வருவாரா மகள்? இருக்கிறவனையாவது காப்பாத்து" என்று உம்மா தினமும் அழுகிறார்.

முதல் வெட்டு அவருடைய தோளில் விழுந்தது. "வேணாம் காக்கா!" என்று கத்தினேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அப்போது உங்கள் கண்ணில் ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டுத்தான் கழுத்தில் வெட்டினீர்கள். அவர் சரிந்ததால் மூன்றாவது வீச்சு மரத்தில் விழுந்தது. பால் தெறித்தது அதற்குப் பிறகு.

"கண் போச்சு தங்கச்சி, தண்ணி, தண்ணி!" என்று அலறினீர்கள். நான் ஓடி வந்தது உங்களிடம். போத்தல் தண்ணீர் முழுவதையும் உங்கள் கண்ணில் ஊற்றி, என் முக்காட்டால் துடைத்தேன். திரும்பியபோது அவர் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலிடுக்கால் ரத்தம் பாய்ந்து சேறெல்லாம் சிவப்பு. நான் போய்த் தொட்டதும் கை தளர்ந்து விழுந்துவிட்டது.

யாரிடம் முதலில் ஓடினேன் என்பதை நான் பொலிசுக்கும் சொல்லவில்லை, உம்மாவுக்கும் சொல்லவில்லை. கோட்டில் நீதிபதியிடம் சொல்லப்போகிறேன்.

வியாழக்கிழமை இத்தா முடிகிறது. நாலு மாதமாக வாசல் தாண்டாதவள் முதன்முதல் வெளிக்கிடுவது அதற்கடுத்த புதன்கிழமை உங்கள் வழக்குக்குத்தான். அங்கே என்னைத் தங்கச்சி என்று கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் நான் உங்கள் பக்கம் திரும்பிவிடுவேன்.

சுஹைரா