மடித்து வைத்த பக்கங்கள்

கோபித்துக்கொண்டு போனவளுக்கு,

நீ உன் அம்மா வீட்டுக்குப் போன இந்த ஒரு மாதத்தில், உன் புத்தகங்களில் நான்கைத் தையல் மெஷின் மேலேயே வைத்துப் படித்து முடித்தேன். சிரிக்காதே. கப்பல் கதையில் வரும் மாலுமி என்னைப் போலவே சிடுமூஞ்சி. துணி கொடுக்க வருகிறவர்கள் உன்னைக் கேட்டால், "வந்துருவா" என்கிறேன்.

ஒன்றுதான் உறுத்தியது. நான்கையுமே நீ முடிக்காமல் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறாய். துப்பறியும் கதையில் கொலைகாரன் பிடிபட ஒரே பக்கம்தான் பாக்கி!

நேற்று அந்த மடிப்பை நீவியபோது என் குரலே எனக்குக் கேட்டது: "ஏய், டீ என்னாச்சு? கத்தரிக்கோலை எங்க வெச்ச?" நீ நிறுத்திய இடமெல்லாம் நான் கத்திய இடம்.

கொலைகாரன் யாரென்று நீயே வந்து படி. டீ நான் போடுகிறேன். கடைசிப் பக்கம் வரை வாயைத் திறக்க மாட்டேன்.

உன் சிடுமூஞ்சி