நலம் விசாரிக்கும் பெட்டி

அனுப்புநர்
வால்வு ஆபரேட்டர்,
இரண்டாம் எண் நீரேற்று நிலையம்.

பெறுநர்
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
குடிநீர்ப் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: செய்தி இல்லாதபோதும் தொலைபேசி லைனைப் பிடித்துக்கொள்ளும் கணினிப் பெட்டியை அடக்கவும், என் மேலுள்ள பழியை நீக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மனு எழுதுபவர் எழுதுகிறார். ஆனால் இருபத்தாறு வருடத்தில் எந்த வால்வை எந்த நாள் திருப்பினேன் என்று கேட்டாலும் சொல்வேன். "வேலை நேரத்தில் ஓயாமல் போனில் அரட்டை" என்று தாங்கள் அனுப்பிய மெமோவை எனக்கு மாற்றாக வரும் ஆபரேட்டர் ஒரே முறைதான் படித்துக் காட்டினார். மனப்பாடமாகிவிட்டது.

2. எங்கள் நிலையத்துக்கு இருப்பது ஒரே லைன். கடந்த ஏப்ரலில் அதே லைனில் கணினியையும் ஒரு பெட்டியையும் மாட்டினார்கள். தொட்டியின் நீர்மட்டத்தைக் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதே அதன் வேலை. பச்சை விளக்கு எரியும்போது ரிசீவரைத் தொடக் கூடாது என்றார் மாட்டியவர். "கை குறுகுறுன்னு இருந்தா வால்வைத் திருகுங்க, பெரியவரே" என்று சிரித்தார். நானும் தொட்டதில்லை.

3. ஆகஸ்ட் மூன்று, செவ்வாய்க்கிழமை மதியம், வீட்டில் என் மனைவிக்கு மூச்சு முட்டியது. "அவரு வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவேன்" என்று என்னைச் சொல்லி அடம்பிடித்திருக்கிறாள். மகள் தெருமுனைக் கடையிலிருந்து பதினோரு தடவை எனக்குப் போன் செய்தாள். பதினோரு தடவையும் எங்கேஜ்டு. நான் அந்தப் பெட்டிக்கு எதிரே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. பாவம், இன்று அதற்கு வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனபோது வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன.

4. மறுவாரம் பெட்டியைப் பார்க்க வந்தவரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "செய்தி எதுவும் போகல, பெரியவரே. இந்தப் பெட்டி 'இருக்கியா'ன்னு கேக்கும், அந்தப் பெட்டி 'இருக்கேன்'னு சொல்லும். சும்மா நலம் விசாரிச்சுக்குதுங்க" என்றார். அதற்காகவே தானாக டயல் செய்கிறதாம். பேச்சு ஓய்ந்தால்தான் லைன் விடுபடும், இவை ஓய்வதில்லை. உண்மையான செய்திக்கு மட்டும் டயல் செய்யச் சொல்லலாம், மற்ற நேரத்து விசாரிப்புக்கு இந்தப் பெட்டிக்குள்ளேயே 'அங்கே எல்லாம் சௌக்கியம்' என்று பதில் வைத்துவிடலாம், கால் மணி நேர வேலை, ஆனால் மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார்.

5. மெமோ எனக்குப் பெரிதில்லை ஐயா. மெமோவில் இருப்பதையேதான் என் மகளும் நினைக்கிறாள். "அம்மா மூச்சுக்குத் தவிக்கையில, யார்கிட்டப்பா அப்படி என்ன பேச்சு?" என்று ஒரு தடவை கேட்டாள். அதோடு சரி. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். பேசியது நானில்லை, பெட்டி என்றேன். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

ஆகவே அந்தக் கால் மணி நேர வேலைக்குத் தாங்கள் உத்தரவிட வேண்டும். மற்ற நிலையங்களிலும் ஒரே லைன்தான்; அங்கே இருப்பவர்களுக்கும் வீடு உண்டு. என்னை வேலையில் வைப்பதும் நீக்குவதும் தங்கள் விருப்பம். அன்று மதியம் லைனில் இருந்தது நானல்ல என்று மட்டும் அலுவலக முத்திரையோடு ஒரு தாள் தந்தருள வேண்டும். எனக்கு வாசிக்கத் தெரியாது. என் மகளுக்குத் தெரியும்.

நாள்: 19.08.1999
இடம்: இரண்டாம் எண் நீரேற்று நிலையம்

படித்துக் காட்டக் கேட்டு, சொன்னது சொன்னபடி இருப்பதாக ஒப்பி வைத்த
இடது பெருவிரல் ரேகை