நான் கழுவிய வண்டி

நானா,

இன்று காலையிலிருந்து யார்ட் முழுவதும் மண்ணெண்ணெய் மணக்கிறது. நாளைக்கு ஆயுதபூசை. லொறிகளையும் ட்ரக்டர்களையும் வரிசையாக நிறுத்தி வைத்துச் சாக்கால் தேய்க்கிறார்கள். என்ஜின் கழற்றிப் பூட்டும் உங்கள் வேலைக்கு மாற்றலாகி வந்திருக்கும் பிற்றர் என் மேசையில் இருந்த உங்கள் தகர வண்டியை எடுத்து, "அண்ணை, இதையும் கழுவி வைக்கட்டோ?" என்று கேட்டார். "வையுமப்பா அதை!" என்று நான் போட்ட சத்தத்தில் மனுஷன் ஓரடி பின்னால் போனார். பாவம், நல்ல மனதோடுதான் கேட்டார். மூன்று வருஷத்துக்கு முன் நானும் நல்ல மனதோடுதான் செய்தேன்.

உங்களுக்குத் தெரியும், சுத்தம் என்றால் எனக்குப் பைத்தியம். யார்ட்டின் பெயின்றர் அல்லவா? நான் பூசிவிட்ட லொறிக் கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம். நீங்களோ மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பால்மா ரின் தகரத்தை வெட்டி, உள்ளங்கை அளவில் ஒரு செயின் வண்டி செய்துகொண்டிருந்தீர்கள். தடித்த தகடு போர்த்து, மேலே மூடி இல்லாமல், சங்கிலியில் ஓடும் சண்டை வண்டி. அதன் நிஜ வண்டி ஒன்று நம் யார்ட்டின் மூலையில் கிடந்தது. வெள்ளைக்காரப் படை விட்டுப் போனது; குடியேற்றத்துக்குக் காடு வெட்டிய நாட்களில் மரக்குற்றிகளை இழுத்தது; பிறகு துருப்பிடித்துக் கிடந்தது. நீங்கள் அதன் முன்னால் குந்தியிருந்து, வைத்தியர் நோயாளியைப் பார்ப்பதுபோல அந்தத் துருவைப் பார்ப்பீர்கள்.

வண்டியைச் செய்து முடிக்க உங்களுக்கு நாலு மாதம். அதை அழுக்காக்க இரண்டு வருஷம். எனக்குச் சிரிப்பு அடங்காது. ஒருநாள் உதவி செய்கிறேன் என்று செங்காவிப் பெயின்றை அதன் ஒரு பக்கம் முழுக்க அப்பிவிட்டேன்.

"இது துரு இல்லைக் காணும், சொறி," என்றீர்கள். "தண்ணி நிக்கிற இடத்திலைதான் துரு பிடிக்கும். ஆள் ஏறி இறங்கிற இடத்திலை தகரம் மினுங்கும். வண்டி எங்கை நிண்டது, ஆர் ஏறினது எண்டு தெரியாமல் ஊத்தையாக்கேலாது."

அன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனையிறவு உப்புக்கல்லை ஈரத்தோடு தகரத்தில் ஒட்டி, மேலே பெயின்ற் பூசி, காய்ந்தபின் தட்டிவிடுவீர்கள். பெயின்ற் உரிந்த இடம் அச்சு அசலாக வரும். புகைக்குழாய் வாயில் விளக்குக் கரி. எண்ணெய் ஊற்றும் வாயிலிருந்து கீழே வழியும் ஒரு கறுத்தக் கோடு. ஒட்டுசுட்டான் போய்வந்த லொறியில் படிந்த செம்மண்ணைத் துணியில் அரித்து, அதில் அடுப்புச் சாம்பலைக் கலந்தீர்கள். "சாம்பல் ஏன் நானா?" என்று கேட்டேன். "அங்கத்தை மண் வெளிறல்," என்றீர்கள். "எங்கத்தை?" என்றேன். நீங்கள் துணியை உதறி அடுத்த பிடி மண்ணை அரித்தீர்கள். முன்தகட்டின் மேல்விளிம்பில் ஒரே ஓர் இடத்தை மட்டும் தூரிகையால் தொடவே மாட்டீர்கள். வேலை நடுவே ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் பெருவிரலால் அதைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் வந்த ஆயுதபூசைக்கு நீங்கள் யார்ட்டில் இல்லை. தங்கை மகளின் கலியாணத்துக்கு முல்லைத்தீவு போயிருந்தீர்கள். நாங்கள் ஸ்பானர்களையும் லொறி தூக்கும் ஜக்குகளையும் என் தூரிகைகளையும் கழுவி மேசையில் அடுக்கினோம். நானாவின் பொருளும் ஒன்று இருக்கட்டுமே என்று உங்கள் அலுமாரியைத் திறந்தேன். அது வேண்டுமென்றே செய்த அழுக்கு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சாமிக்கு முன்னால் ஊத்தை வண்டியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. வந்தபின் மனுஷன் திரும்பவும் அழுக்காக்கிக்கொள்ளட்டும் என்று சிரித்துக்கொண்டே மண்ணெண்ணெயில் தோய்த்துப் பழைய பிரஷால் தேய்த்தேன். பச்சைப் பெயின்ற் ஒரு பூச்சு பூசிச் சந்தனப் பொட்டும் வைத்தேன். பளபளவென்று இருந்தது.

திரும்பி வந்த நீங்கள் ஏசுவீர்கள் என்று காத்திருந்தேன். வண்டியைக் கையில் எடுத்தீர்கள். உங்கள் பெருவிரல் நேராக அந்த விளிம்புக்குப் போய், அங்கே வழுக்கியது.

"நீரும் கழுவிப்போட்டீரோ தம்பி?"

அந்த 'நீரும்' எனக்கு விளங்கவில்லை. "திருப்பி ஊத்தையாக்கலாம்தானே நானா," என்றேன். இன்றைக்கும் என்னைக் கூசவைப்பது, கழுவியதைவிட இந்த வார்த்தைதான்.

மூலையில் கிடந்த நிஜ வண்டியின் சங்கிலியில் போய் உட்கார்ந்துகொண்டு சொன்னீர்கள். வெள்ளைக்காரப் படையோடு இரண்டாம் உலகச் சண்டைக்குப் போன கதையை நீங்கள் அதற்கு முன் சொன்னதே இல்லை.

"எகிப்திலை எங்கட பட்டறைக்கு ஒரு தமிழ்ப் பொடியன் வருவான். இந்தியாக்காரன், திருநெல்வேலிப் பக்கம். இந்தமாதிரி ஒரு வண்டிதான் ஓடினவன். அந்தப் பாலைவனத்திலை என்னோடை தமிழ் கதைக்க அவன் ஒருத்தன்தான். வண்டியை நிப்பாட்டினால் முன்தகட்டிலை கையை வைச்சுக்கொண்டுதான் கதைப்பான். அவன்ரை பெருவிரல் பட்டுப் பட்டு அந்த இடத்திலை பெயின்ற் தேஞ்சு போச்சுது. ஒருநாள் வண்டியை இழுத்துக்கொண்டு வந்தாங்கள். அவன் இல்லை. உள்ளுக்குக் கழுவச் சொன்னாங்கள், மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவினன். பெயின்ற் அடிக்கச் சொன்னாங்கள், அந்த இடத்துக்கும் சேர்த்து அடிச்சன். பின்னேரம் வேறை ஒருத்தன் ஏறிக்கொண்டு போனான்."

வண்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அவன்ரை முகம் இப்ப நினைவிலை இல்லை தம்பி. அந்த இடம் மட்டும்தான் இருந்தது," என்றீர்கள்.

உப்பும் சாம்பலும் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்துக் கெஞ்சினேன். இரண்டு தரம் தூரிகையை எடுத்தீர்கள். "கை போகுதில்லை," என்று வைத்துவிட்டீர்கள். என்னோடு முகம் கொடுத்துக் கதைத்தீர்கள், தேத்தண்ணி வாங்கித் தந்தீர்கள், ஒன்றும் குறைக்கவில்லை. ஆனால் மத்தியானங்களில் உங்கள் கை சும்மா இருந்தது. மாசியில் காய்ச்சல் வந்தது. வவுனியா ஆசுபத்திரியில் எட்டு நாள். ஒன்பதாம் நாள் நீங்கள் இல்லை. பள்ளிவாசலில் உங்களை அடக்கம் செய்தபோது எல்லோருக்கும் பின்னால், செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். பிறகு உங்கள் மனைவி இந்த வண்டியைத் துணியில் சுற்றி என் கையில் தந்தா. "பெயின்றர்த் தம்பியிட்டைக் குடுக்கச் சொன்னவர்," என்றா. வேறு ஒன்றும் நீங்கள் சொல்லவில்லையாம். அது மன்னிப்பா, தண்டனையா? அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் செய்ததை நான் செய்து பார்த்தேன் நானா. உப்பு ஒட்டினேன். தண்ணீர் நிற்கும் மூலைகளில் மட்டும் துரு வைத்தேன். செம்மண்ணைச் சாம்பல் போட்டு வெளிறவைத்தேன். சொறி என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள், அவ்வளவுக்கு வந்திருக்கிறது. அந்த விளிம்பை மட்டும் விட்டுவிட்டேன். அங்கே கை வைக்க எனக்கு என்ன உரிமை?

ஆனால் தினமும் வேலை தொடங்குமுன் வண்டியை ஒருதரம் கையில் எடுப்பேன். என்னையறியாமல் என் பெருவிரல் அந்த விளிம்பில்தான் போய் நிற்கும். இன்று பிற்றரின் கையிலிருந்து அதைப் பறித்தபோதுதான் கவனித்தேன். நான் பூசிய பச்சை அந்த இடத்தில் தேய்ந்து, தகரம் வெள்ளையாகத் தெரிகிறது. அந்தப் பொடியனின் விரல் அல்ல அது. உங்களுடையதும் அல்ல. கழுவினவனின் விரல்.