நெஞ்சில் தைத்த லேபிள்

12-1-70
கோயமுத்தூரிலிருந்து குளோரி டீச்சர் என்று ஒருவர் கம்பெனிக்கு வந்தார். அங்கே ஒரு கல்லூரியில் பெண்கள் ஓட்டப்பந்தய டீமுக்கு அவர்தான் பயிற்சி கொடுக்கிறார். ஊத்துக்குளி நெய் வியாபாரி ஒருவர் பிள்ளைகளுக்கு நெய் தருகிறாராம். ஒரு பஸ் முதலாளி வண்டி விடுகிறாராம். எங்கள் கம்பெனி பனியன் தர வேண்டும் என்று கேட்டார்.

முதலாளி ரத்தினசாமி, "பொம்பளைப் புள்ளைங்களுங்களா ஓடறாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சரி என்றார். ஆனால் லேபிள் வழக்கம்போல் கழுத்துக்குப் பின்னால் உள்ளே இருக்கக் கூடாது. நெஞ்சில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். பந்தயத்தன்று அதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாராம்.

எங்கள் லேபிளில் மயில்மேல் முருகன் நிற்கிறார். லேபிள் மேசையில் என் பக்கத்தில் இருக்கும் குப்பாயி அக்கா, "இனி மயிலை உட்டுப்போட்டு முருகன் கால்லயே ஓடோணுமாட்ட இருக்குது" என்றாள். மேசை முழுக்கச் சிரிப்பு. நான் குனிந்துகொண்டு சிரித்தேன்.

18-1-70
ஆண் டெய்லர் போய் அளவெடுக்க முடியாது என்று என்னை அனுப்பினார்கள். என்னையா? வாயே திறக்காதவள் என்றுதான் போலிருக்கிறது.

கல்லூரி மைதானத்தில் பெண்கள் அரைக்கால் டிராயரோடு நின்றார்கள். முழங்கால் தெரிகிறது. யாரும் அதை மறைக்கவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. டேப்பைக் கீழே போட்டேன். பொன்னாத்தாள் என்ற பெண், மடத்துக்குளத்துக்காரி, அதை எடுத்துக் கொடுத்து, "மெதுவா அள கண்ணு. நான் ஒண்ணும் ஓடிப் போயிட மாட்டேன்" என்றாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீமில் வேகமாக ஓடுகிறவளே அவள்தானாம்.

அவள் அப்பாவும் எங்கள் அப்பா மாதிரி தோட்டத்தில் பாடுபடுகிறவர்தான். நான் எட்டாவது படிக்கும்போது பெரியவளானேன், அதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அவளை ஏன் நிறுத்தவில்லை?

24-1-70
புது லேபிள் கட்டு வந்தது. முதலாளி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டினார். எப்போதும் அப்படிக் காட்டிவிட்டுத்தான் முதலாளியம்மாவிடம் கொடுப்பார்; அவர் கட்டைப் பிரித்து மேசைக்குத் தருவார். ஒன்று கீழே விழுந்தால்கூடக் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.

கல்லூரிப் பனியன் எல்லாவற்றுக்கும் நானே லேபிள் தைத்தேன்.

31-1-70
இன்று பந்தயம்.

தையல் ஏதாவது பிரிந்தால் தைக்க வேண்டும் என்று என்னையும் பந்தயத்துக்குக் கூட்டிப் போனார்கள். உடை மாற்றும் அறையில் பொன்னாத்தாள் பனியனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். போடவில்லை. டீச்சர் அதட்டினார். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு இன்னைக்கு வீட்டுக்குத் தூரமுங்க டீச்சர். சாமியை எப்படி நெஞ்சுல வெச்சுக்கிட்டு ஓடறது?"

உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பிப் போடு என்றார் டீச்சர். "அப்பச் சாமி என்ற மேலயே படுமுங்களே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். எல்லாரும் ஒரே மாதிரி பனியன் போட்டால்தான் ஓட விடுவார்கள். வெளியே பேர் கூப்பிட்டார்கள்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த நூல் கத்தரியை எடுத்து லேபிளைப் பிரித்துவிட்டேன். முதலாளி சூடம் காட்டிய லேபிளை. கண்ணில் ஒற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

இருநூறு மீட்டரில் அவள்தான் முதல். போட்டோ எடுக்க அவளை முதலாளி பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர் அவள் நெஞ்சைப் பார்த்தார், உடனே தலையைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் டீச்சரிடம், "நம்ம சாமி எங்கீங்க?"

"நான்தானுங்க பிரிச்சேன்" என்றேன். என் குரல்தானா அது?

ஏன் என்று கேட்டார். ஒரு ஆம்பளையிடம் அதை எப்படிச் சொல்வது? கைக்குட்டை முடிச்சைப் பார்த்தேன். டீச்சரும் தரையைப் பார்த்தார்.

"திங்கக்கெழமை காரணத்தோட வா. இல்லீன்னா வராதே" என்றார் முதலாளி.

1-2-70
வேறு வழியில்லை, முதலாளியம்மாவிடம் காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று காலையில் நினைத்தேன். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஒன்று சுருக்கென்று உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மூன்று நாளும் அம்மா என்னை விளக்குப் பக்கம் விடமாட்டாள். தனித் தட்டு, தனிப் பாய். ஆனால் கம்பெனிக்கு அனுப்பிவிடுவாள். அங்கே நான் என்ன பண்றேன்? முருகனைத்தானே கையில எடுத்து எடுத்துத் தைக்கறேன். இத்தனை நாளா. நான் மட்டுமா? குப்பாயி அக்கா, மேசையில இருக்கற அத்தனை பேரும். ஒருத்தருக்குமா தோணலை?

பொன்னாத்தாளுக்கு ஒரே நாளில் தோன்றியது. எங்களுக்குத் தோன்றவே இல்லை.

காரணத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி அதுதான். லேபிள் மேசையிலிருந்து பெண்களை எடுத்துவிடுவார்கள். குப்பாயி அக்கா வீட்டில் மூன்று குழந்தைகள்.

சொல்ல மாட்டேன். என் வேலை போனால் போகட்டும்.

2-2-70
கம்பெனி வாசலிலேயே முதலாளியம்மா கமலாம்பாள் நின்றார். என்னை லேபிள் வைக்கும் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தப் புள்ளைக்குத் தூரமா?"

கைக்குட்டையை அவிழ்த்து லேபிளை நீட்டினேன். வாங்கக் கையை நீட்டியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அலமாரியில் இருந்த லேபிள் கட்டுகளைப் பார்த்தார். கதவிடுக்கு வழியாக எங்கள் மேசையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அவருக்கும் எனக்குத் தோன்றியதுதான் தோன்றியிருக்கிறது.

"கட்டைப் பிரிச்சு உங்களுக்கு எடுத்துக் குடுக்கறவ நானு. கல்யாணமாகி வந்த நாளா. ஒரு நாளும் உட்டதில்லை" என்றார்.

நான் அழுதேன்.

"அழுவாதே சாமி. வேர்வை படற எடத்துல சாமி வேண்டாம்னு அவருகிட்டச் சொல்லிக்கறேன். நீ போயி உன்ற எடத்துல உக்காரு. யாருகிட்டயும் வாயைத் தொறக்காதே."

பிறகு அந்த லேபிளை வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றினார்.

3-2-70
முதலாளி என்னைக் கடந்து போனார். ஒன்றும் கேட்கவில்லை.

16-2-70
குளோரி டீச்சர் வந்திருந்தார். அடுத்த வருஷமும் பனியன் எங்கள் கம்பெனிதான். நெஞ்சில் கம்பெனி பெயர் மட்டும் இருக்கும், படம் இல்லை. முதலாளியே டீச்சரிடம், "வேர்வை படற எடம் பாருங்க" என்றார். குப்பாயி அக்கா என் காதில், "முருகன் ஒரே ஓட்டத்துல களைச்சுப் போயிட்டாரு" என்றாள். கடைக்குப் போகும் பனியனில் அவர் பழையபடி கழுத்துக்குப் பின்னால்.

20-2-70
எனக்கு இன்று இரண்டாம் நாள். காலையில் தனித் தட்டில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன். முதலாளியம்மா கட்டைப் பிரித்து லேபிளை என் கையில் வைத்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

சாயங்காலம் வரை தைத்தேன்.